நடுங்குற குரல நேராக்கினது

அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான். சரணத்துல குரல் நடுங்குற எடத்தையெல்லாம் சரி பண்ணிடு தம்பின்னு. காலமெல்லாம் லைட் மியூசிக் மேடையில மத்தவங்க பாட்டையே பாடினவர், இப்பதான் சொந்தமா ஒரு ஆல்பம், மிக்ஸிங் நான். பேசாம கம்ப்யூட்டர்லயே சுரத்த நேராக்குற பிட்ச் கரெக்‌ஷன் போட்டுக் கொடுத்திருக்கலாம். ஆனா ஒரு வரிக் கடைசியில மூச்சு பத்தாம சுரத்துக்கு கொஞ்சம் கீழ நின்னுட்டு மெதுவா ஏறிப் பிடிக்கிறார், அந்த எடத்த தொட எனக்கு மனசே வரல.

அதான் அவர்கிட்ட ஜானி கேஷ் பத்திச் சொன்னேன். கன்ட்ரிங்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி பாட்டுல அவ்ளோ பெரிய ஆளு, 1986ல அவர் பாட்ட வெளியிட்டுட்டு இருந்த கொலம்பியா கம்பெனியே அவர விட்டுடுச்சு. அப்புறம் ராப், மெட்டல்னு பண்ணிட்டு இருந்த ப்ரொட்யூசர் ரிக் ரூபின் தன் வீட்டு ஹால்ல உக்கார வெச்சு வெறும் கிட்டாரும் குரலுமா ரெக்கார்ட் பண்ணினார், 1994ல 'அமெரிக்கன் ரெக்கார்டிங்ஸ்'னு அந்த ஆல்பம் வந்தப்ப கேஷுக்கு 62 வயசு, கிராமியும் கெடச்சுது. அந்த வரிசையில நாலாவது ஆல்பம் 2002ல, உடம்பு ரொம்ப முடியாத நேரம், அதுல இருக்கற 'ஹர்ட்' பாட்ட போட்டுக் காட்டினேன்.

முழுசா கேட்டார். ஹெட்போன கழட்டிட்டு, "அந்த மனுசன் நல்லா பாடின காலத்த ஊரே கேட்டிருக்கு, அதான் இத கேட்டா அழுகை வருது. என்னோடத யாரு கேட்டா? எனக்கு இது ஒண்ணுதான் தம்பி"ன்னார்.

என்கிட்ட பதில் இல்ல. 1968ல கேஷ் ஃபோல்சம் ஜெயில்ல கைதிங்க முன்னாடி பாடின குரல் காதுல இருக்கறவனுக்குத்தான் இந்தக் குரல் அப்படி அடிக்கும், நியாயம்தான். ஆனா நான் கேஷ் பாடி முதல்ல கேட்டதே ஹர்ட்தான், பழசெல்லாம் அப்புறம் தேடிப் போனது, அப்பவும் எனக்கு தொண்டை அடைச்சுதே? இத அவர்கிட்ட சொல்லல, பெரியவர்கிட்ட மல்லுக்கு நிக்கிற மாதிரி ஆயிடும்.

இன்னொண்ணு, 1994 ஆல்பத்துல கேஷ் குரல் கெட்டியாத்தான் இருந்துச்சு, தூக்கினது கூட வாசிக்கற பேண்ட மட்டும்தான். அது ஞாபகம் வந்து கீபோர்டு, ஸ்ட்ரிங்ஸ் எல்லாத்தையும் ம்யூட் பண்ணி ஒரு கிட்டார மட்டும் விட்டேன். அதே நடுக்கம் இப்ப தப்பா கேக்கல, யாரோ பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி இருந்துச்சு. அவருக்குப் பிடிக்கல. "வாசிச்ச பசங்களுக்கெல்லாம் காசு கொடுத்திருக்கேனே"ன்னார்.

சரின்னு மெலோடைன்ங்கிற பிட்ச் சாஃப்ட்வேர்ல, குரல் ஏறி இறங்கறத கோடா காட்டும், அந்த வளைஞ்ச கோட்ட ஒவ்வொண்ணா இழுத்து நேராக்கினேன். போட்டதும் "இதுதான்யா என் குரல்"னு என் கைய பிடிச்சுக்கிட்டார். அவர் ஆல்பம், அவர் முடிவு. தனியா ஒரு கிட்டாரோட பாடணும்ங்கிறது கேஷுக்கே ரொம்ப நாள் ஆசை, யாரும் அவர் மேல திணிக்கல, அப்ப நான் மட்டும் எப்படி திணிக்கறது?

ஆனா ஹர்ட்ட கேஷ் உடனே ஒத்துக்கலயாம், ரூபின்தான் விடாம சொல்லி பாட வெச்சிருக்கார். நானும் இன்னும் கொஞ்சம் நின்னு பேசிப் பாத்திருக்கணுமோ? ரூபின் கேட்டது ஒரு பாட்ட பாடச் சொல்லி, நான் கேட்டது இவரோட முடியாமைய ஊருக்குக் காட்டச் சொல்லி. ரெண்டும் ஒண்ணு இல்லன்னு சில நாள் தோணுது, சில நாள் அப்படித் தோணல.