ஆண்டிபட்டிக் கணவாய், 87-ல் ஒரு பங்கு

2025 மே 11, ஞாயிறு

திருநகர் வீட்டு மாடியறையின் மூன்று சுவர்களை ஒட்டி மேசை போட்டாயிற்று. அதன்மேல் வரப்போவது மாதிரி ரயிலாக மதுரை–போடி மீட்டர்கேஜ் (தண்டவாள இடைவெளி ஒரு மீட்டர்) பாதை. அதிலும் உசிலம்பட்டி நிலையமும் ஆண்டிபட்டிக் கணவாயும் மட்டும்தான். எச்.ஓ. என்னும் மாதிரி ரயில் அளவில் எல்லாம் 87-ல் ஒரு பங்காகச் சுருங்குவதால், உண்மையான ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டராகிவிடும். என் அறையின் நீளச் சுவரோ நாலேகால் மீட்டர்தான். இன்றைய எல்.எச்.பி. பெட்டி ஒன்று 27 சென்டிமீட்டர் ஆகுமென்றால், இருபது பெட்டி கொண்ட விரைவு வண்டியை இந்தச் சுவரோரம் நிறுத்தவே இடமிருக்காது. நாலு பெட்டியோடு போடிக்குப் போய்வந்த பழைய பாசஞ்சரை நான் தேர்ந்ததற்கு ஏக்கம் பாதி, இடப்பற்றாக்குறை பாதி.

தண்டவாள இடைவெளியில் மட்டும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. கடைகளில் எளிதாகக் கிடைக்கும் எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மி.மீ.; அது 1,435 மி.மீ. கொண்ட ஐரோப்பிய, அமெரிக்கப் பாதைக்கான கணக்கு. நம் அகலப்பாதையின் 1,676 மி.மீ.க்கு 19 மி.மீ.க்குச் சற்று மேல் வேண்டும், மீட்டர்கேஜுக்குப் பதினொன்றரை. சுவிட்சர்லாந்து மலை ரயில்களின் மாதிரிகளுக்காகச் செய்யப்படும் 12 மி.மீ. தண்டவாளம் இதற்கு மிக நெருங்கி வருகிறது. விலை அதிகம்தான். ஆனால் மீட்டர்கேஜ் வண்டியின் அழகே குறுகிய தடத்தின்மேல் அகன்ற பெட்டி அசைந்து வருவதில் இருக்கிறது; அதை அகலமான தடத்தில் ஓட்டினால் போடி வண்டியின் சாயலே போய்விடும்.

மே 25, ஞாயிறு

எல்லிஸ் நகரில் நண்பர் வீட்டில் கூடினோம். ஒருவர் கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கக்கூடிய பலகையில் 160-ல் ஒரு பங்கு அளவில் ஜப்பானிய ரயில் ஓட்டுகிறார். திண்டுக்கல்லிலிருந்து வந்தவர் ஒய்.டி.எம்.4 டீசல் எஞ்சினின் மேற்கூட்டை முப்பரிமாண அச்சில் எடுத்து, வேறொரு எஞ்சினின் மோட்டார் அடிப்பாகத்தில் பொருத்துகிறார். டி.சி.சி. என்னும் டிஜிட்டல் கட்டுப்பாடு வேண்டுமா, பழைய 12 வோல்ட் டி.சி. மின்சாரம் போதுமா என்ற வாதம் வழக்கம்போல் காபி ஆறும்வரை நீண்டது. ஒரே தடத்தில் இரண்டு எஞ்சினைத் தனித்தனியாக இயக்க டி.சி.சி.தான் வசதி, நான் ஓட்டப்போவதோ ஒற்றைப் பாதையில் ஒரு வண்டி.

இன்றைய கூட்டத்தின் பயன் முழுவதும், அண்டை வீட்டுக்காரர் என்று அழைத்துவரப்பட்ட ஓய்வுபெற்ற நிலைய அதிகாரி ஒருவரிடமிருந்து வந்தது. என் வரைபடத்தைக் கையில் வாங்கியவர் மரங்களையும் மலையையும் பார்க்கவேயில்லை. “வண்டியை எப்படிய்யா உள்ளே எடுப்பீங்க தம்பி? கைகாட்டி எங்கே?” என்று கேட்டுவிட்டு, பென்சிலை வாங்கி அவுட்டர் (வரும் வண்டிக்கு வெளியே முதல் கைகாட்டி), ஹோம் (நிலையத்துக்குள் விடும் கைகாட்டி), அதற்கப்புறம் பாயிண்ட் (தடம் பிரியும் இடம்), கடைசியில் ஸ்டார்ட்டர் (புறப்பட விடும் கைகாட்டி) என்று வரிசையாகக் குறித்துக் கொடுத்தார். பிறகு நீல்ஸ் டோக்கன் பெட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் உள்ள பெட்டிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். இடையிலுள்ள பாதைக்கு ஒரு நேரத்தில் ஒரே ஓர் இரும்புக் குண்டுதான் வெளியே வரும். பிரம்பு வளையத்தில் தொங்கும் தோல்பையில் போட்டுக் கொடுக்கப்படும் அந்தக் குண்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். “குண்டு உள்ளே போகாம அடுத்த வண்டிக்கு வழியே இல்ல சார், கலெக்டரே வந்து நின்னாலும்” என்று அவர் சொன்னபோது, ஜப்பானிய ரயில்காரர்கூடக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

ஜூன் 4, புதன்

கைகாட்டி வேலை. கம்பத்துக்குச் சைக்கிள் ஸ்போக், கைக்குப் பித்தளைத் தகடு. சிவப்பு அடித்து, காய்ந்தபின் நுனியருகே வெள்ளைப் பட்டை. கிடையாக இருந்தால் நில், கீழே சாய்ந்தால் போகலாம் என்ற பழைய முறை. எடை குறைவாக இருந்தால், கையைச் சாய்க்க இழுக்கும் நூலைத் தளர்த்தியபின் கை கிடைநிலைக்குத் திரும்புவதில்லை என்பதால், மறுமுனையில் ஒரு சொட்டு ஈயம் வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, ஞாயிறு

போடி வண்டியில் ஆண்டிபட்டி வரை போய்வந்தேன். 2010-ன் இறுதியோடு மீட்டர்கேஜ் நின்று, 2022 மே மாதம் தேனி வரையிலும் 2023 ஜூனில் போடி வரையிலும் அகலப்பாதை வந்தது. கணவாயில் பாறை வெட்டின் நிறத்தைக் குறித்துக்கொள்ளத்தான் போனேன். ஒரே பழுப்பு என்று நினைக்கும் பாறையில் கருஞ்சாம்பலும் துருநிறமும் பட்டை பட்டையாக ஓடுகின்றன. கடையில் விற்கும் ‘பாறை நிற’ வண்ணம் இதற்கு உதவாது.

மாலையில் ஜல்லி போட்டேன். எம்-சாண்டை ரவை சல்லடையில் சலித்து, காந்தத்தை அதன்மேல் ஓட்டி இரும்புத் துகளை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் மோட்டாரின் காந்தம் அவற்றை இழுத்துக்கொள்ளும். தூரிகையால் ஸ்லீப்பர்களுக்கிடையே பரப்பி, தண்ணீர் விட்ட ஃபெவிகாலில் ஒரு துளி ஷாம்பு கலந்து, மை நிரப்பும் ஃபில்லரால் சொட்டுச் சொட்டாக விட்டேன். ஷாம்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக மேலேயே நின்று மணலை நகர்த்திவிடும்.

வெயிலை நினைத்து, தண்டவாள இணைப்புகளில் அஞ்சலட்டைக் கனத்துக்கு இடைவெளி விட்டிருக்கிறேன். நாலு மீட்டர் நிக்கல் சில்வர் தண்டவாளம் 15 டிகிரி சூடு ஏறினால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நீளும். மதுரை மாடியறையில் காலைக்கும் பிற்பகலுக்கும் இடையே அந்த வித்தியாசம் பெரிய விஷயமல்ல.

ஜூன் 29, ஞாயிறு

திண்டுக்கல் நண்பர் எஞ்சினோடு வந்தார். கணவாய் ஏற்றத்தை 40-க்கு 1 என்று வைத்திருந்தோம்; மூன்று பெட்டியை இழுத்த எஞ்சின் நான்காவதைச் சேர்த்ததும் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றியது. தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை மேற்கூட்டுக்குள் ஒட்டியபின் நாலும் ஏறின.

நிலைய அதிகாரி டோக்கனுக்குச் சைக்கிள் பேரிங் குண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். அறையின் இரு மூலைகளிலும் ஆளுக்கொரு நிலையமாக உட்கார்ந்து, மணியடித்து அனுமதி கேட்டு, குண்டை எடுத்துக் கொடுத்த பிறகே வண்டியை விட்டோம். வண்டி ஓடியது அரை நிமிடம். அதை அனுப்புவதற்கான வேலை ஐந்து நிமிடம். சும்மா வட்டமடிக்கும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட எனக்கு இதுவே பிடித்திருக்கிறது. ஜப்பானிய ரயில்காரருக்குப் பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னார். மணிக்கு இப்போதைக்குக் கைப்பேசி ஒலிதான். டவுன்ஹால் ரோட்டில் ஒற்றை அடி மணி இரண்டு வாங்க வேண்டும். இரண்டும் வெவ்வேறு ஓசையாக இருக்க வேண்டும் என்று அதிகாரியின் உத்தரவு.