நியூ ஜெர்சியிலிருந்து தாலுகா அலுவலகம் வரை: அப்பாவின் இறப்புச் சான்றிதழ்

பார்வையாளர் விசாவில் எங்களுடன் தங்கியிருக்க வந்த அப்பா, நியூ ஜெர்சியில் நாங்கள் குடியிருக்கும் ஊருக்கு அடுத்த நகராட்சியில் உள்ள மருத்துவமனையில் காலமானார். தமிழ்நாடு அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் என்பதால், அம்மாவின் குடும்ப ஓய்வூதியம், வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, எல்.ஐ.சி. பாலிசி, வீட்டு வரியில் பெயர் மாற்றம் என எதைத் தொட்டாலும் முதலில் கேட்கப்படும் தாள் இறப்புச் சான்றிதழ்தான். இறப்பு பதிவானது அமெரிக்காவில். சான்றிதழைக் காட்ட வேண்டியதோ தமிழ்நாட்டில். இப்படி இரண்டு நாடுகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள் இப்போது பெருகிவிட்டதால், நாங்கள் சென்ற வழியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் ஊரில் வீட்டில் ஒருவர் இறந்தால் குடும்பத்தார்தான் கிராம நிர்வாக அலுவலரிடமோ நகராட்சியிலோ தகவல் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் அந்தப் பொறுப்பு பெரும்பாலும், இறுதிச் சடங்குகளை நடத்தித் தரும் நிறுவனமான ஃபியூனரல் ஹோமிடம் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி போன்ற விவரங்களைக் குடும்பத்தாரிடம் கேட்டு அவர்கள் பதிவைத் தொடங்குகிறார்கள். இறப்புக்கான காரணத்தை மருத்துவர் சான்றளிக்கிறார். உள்ளூர்ப் பதிவாளர் பதிவு செய்த பின் அது மாநிலப் பதிவகத்தில் நிலையாகச் சேர்கிறது. ஆகவே பதிவில் இடம்பெறும் ஒவ்வோர் எழுத்தும் துக்கத்தின் முதல் நாளில் நாம் நிரப்பிக் கொடுக்கும் ஒரு படிவத்திலிருந்து பிறக்கிறது. வீட்டில் அழுகை ஓயாத நேரமாக இருந்தாலும், அந்தப் படிவத்தை நிதானமுள்ள ஒருவர் தனியே உட்கார்ந்து, கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்புவது பின்னால் வரக்கூடிய பல அலைச்சல்களைத் தவிர்க்கும்.

அந்தப் படிவம் கேட்கும் விவரங்கள் நமக்குச் சற்று விநோதமாகத் தோன்றும். இறந்தவரின் கல்வி, வாழ்நாளில் பெரும்பகுதி பார்த்த வேலை, ராணுவத்தில் பணியாற்றினாரா என்பதோடு, அவருடைய தாயாரின் திருமணத்துக்கு முந்தைய பெயரையும் எழுதச் சொல்கிறது. அப்பத்தாவுக்குக் கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் ஒரே பெயர்; மாறியது இனிஷியல் மட்டும்தான். அதை அந்த அலுவலருக்கு விளக்கி, அவருடைய தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயர் இடத்தில் எழுதினோம். அப்பாவின் பெயரிலோ வேறு சிக்கல். ஓய்வூதியப் புத்தகத்திலும் வங்கியிலும் இனிஷியலோடு இருக்கும் பெயர், கடவுச்சீட்டில் தாத்தாவின் பெயர் குடும்பப் பெயராக விரிந்து நிற்கும். எதை எழுதுவது என்ற கேள்வி வந்தபோது கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத முடிவு செய்தோம். அமெரிக்காவில் அவரை அடையாளம் காட்டும் ஆவணம் அது ஒன்றுதான். இனிஷியலின் விரிவை ஊரில் உள்ள அதிகாரிகளுக்கு விளக்குவது, இங்குள்ளவர்களுக்கு இனிஷியல் என்றால் என்னவென்று விளக்குவதைவிட எளிது. கடவுச்சீட்டில் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களின் விசாவில் முதற்பெயர் இடத்தில் 'எஃப்.என்.யூ.' என்று, அதாவது முதற்பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம், அச்சாகியிருக்கும். அந்த மூன்றெழுத்து இறப்புப் பதிவில் பெயராக ஏறிவிடாமல் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவு முடிவதற்கு முன் எங்களிடம் காட்டப்பட்ட வரைவில் தாத்தாவின் பெயரில் ஓரெழுத்து தவறியிருந்தது. மின்னணுப் பதிவு மருத்துவரின் ஒப்புதலுக்குப் போவதற்கு முன்பே அதைத் திருத்திக் கொடுத்துவிட்டார்கள். பதிவான பிறகு திருத்துவதென்றால் விண்ணப்பமும் ஆதார ஆவணங்களும் தேவைப்படும். இறப்புக் காரணம் பற்றிய பகுதியைக் குடும்பம் கேட்டுத் திருத்தவே முடியாது; சான்றளித்த மருத்துவர்தான் திருத்த வேண்டும்.

சான்றிதழின் முதல் படிகளை, அதாவது நகல்களை, ஃபியூனரல் ஹோமே நகராட்சிப் பதிவாளரிடமிருந்து வாங்கித் தந்தது. பாதுகாப்புத் தாளில், விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும் முத்திரையுடன் அவை இருந்தன. நியூ ஜெர்சியில் இரண்டு வகைப் படிகள் உண்டு. மேடான முத்திரையுடன் வருவதே சட்டப்படி செல்லுபடியாகும் சான்றிட்ட படி. மற்றொன்று வெறும் தகவலுக்கானது, அதைக் காட்டி எந்த உரிமையையும் கோர முடியாது. கைக்கு வந்தவை முதல் வகைதான் என்பதால், அமெரிக்காவுக்குள் ஆக வேண்டிய காரியங்களான பயணக் காப்பீட்டுக்கும் மருத்துவமனைக் கணக்குக்கும் அவற்றை உடனே பயன்படுத்த முடிந்தது.

இந்தியாவுக்கு அந்தப் படி போதாது. அயல்நாட்டுப் பொது ஆவணம் ஒன்றை இந்திய அலுவலகம் ஏற்க வேண்டுமானால் அதில் அப்போஸ்டில் எனப்படும் சான்றுத்தாள் இணைந்திருக்க வேண்டும். 1961ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் உருவான இந்த முறை, இந்தியாவைப் பொறுத்தவரை 2005 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. நியூ ஜெர்சியில் அப்போஸ்டில் தருவது மாநிலக் கருவூலத் துறை. பிறப்பு, இறப்பு, திருமணச் சான்றிதழ்களைப் பொறுத்தவரை மாநிலப் பதிவாளர் வழங்கிய படியைத்தான் அத்துறை ஏற்கும். நகராட்சிப் பதிவாளரின் கையெழுத்துள்ள படி அதற்கு ஆகாது. இரண்டு தாளிலும் உள்ள விவரம் ஒன்றே, ஆனால் கையெழுத்து வேறு. அப்போஸ்டில் உறுதிப்படுத்துவது விவரத்தை அல்ல, கையெழுத்திட்டவரின் பதவியைத்தான் என்பதைப் புரிந்துகொண்டால் இந்த விதியில் எரிச்சலடைய ஒன்றுமில்லை. எனவே, தாள் கடைசியில் எந்த மேசைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொண்டு, அதற்கேற்ற அலுவலகத்தில் படி கேட்பதே சரியான வரிசை. இதைப் படிப்பவர்கள் வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

ஆகவே டிரென்டனில் உள்ள மாநிலப் பதிவகத்துக்குத் தனியே விண்ணப்பித்தோம். முதல் படிக்கு 25 டாலர், அதே விண்ணப்பத்தில் கேட்கும் ஒவ்வொரு கூடுதல் படிக்கும் 2 டாலர் என்பது கட்டணம். இரண்டாவது தடவை விண்ணப்பித்தால் மறுபடியும் 25 டாலரிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், தேவைக்குமேல் ஒன்றிரண்டு சேர்த்தே கேட்பது நல்லது. அப்போஸ்டிலுக்கு ஆவணம் ஒன்றுக்கு 25 டாலர் ஆகிறது; ஆனால் அது எல்லாப் படிக்கும் தேவையில்லை.

விண்ணப்பத்தில் எங்களை யோசிக்க வைத்தது உறவுக்கான ஆதாரம். சான்றிட்ட படி கேட்பவர் இறந்தவரின் துணைவரோ பிள்ளையோ பெற்றோரோ உடன்பிறந்தவரோ என்பதை நிரூபிக்க வேண்டும். பிள்ளை என்றால் பெற்றோரின் பெயருள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும். என்னுடையதில் அப்பாவின் பெயர் இனிஷியலோடு தமிழில் இருந்தது. சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்புடன், என் இந்தியக் கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தையும் இணைத்தேன். தந்தையின் பெயர் முழுமையாக அச்சாகியிருக்கும் அந்தப் பக்கம் இவ்வளவு பயன்படும் என்று அதுவரை நான் நினைத்ததில்லை. இறப்புப் பதிவிலேயே தகவல் கொடுத்தவராக என் பெயரும், உறவு என்ற இடத்தில் 'மகள்' என்றும் பதிவாகியிருந்ததும் துணைநின்றது. மேற்கொண்டு கேள்வி எதுவும் வரவில்லை.

எல்லா மாநிலங்களிலும் இதே முறை என்று எண்ணிவிடக் கூடாது. நியூயார்க் நகரத்தின் ஐந்து வட்டாரங்களுக்குள் நிகழும் இறப்புகளை நகரச் சுகாதாரத் துறையே பதிவு செய்து வைத்திருக்கிறது. ஆல்பனியில் உள்ள மாநில அலுவலகத்தில் அவை கிடைக்காது. அங்கே அப்போஸ்டிலுக்கு முன் சான்றிதழுடன் ஓர் உறுதிக் கடிதமும் மாவட்ட எழுத்தரின் சான்றும் பெற வேண்டும். ஹட்சன் ஆற்றின் இந்தப் பக்கம் இறந்தால் ஒரு விதி, அந்தப் பக்கம் இறந்தால் இன்னொரு விதி.

இதற்கிடையில் ஊரிலிருந்து சித்தப்பா, "நம்ம வி.ஏ.ஓ.கிட்டயே பதிஞ்சிடலாம்மா, தெரிஞ்சவர்தான்" என்றார். அவருடைய அக்கறையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அந்த எல்லைக்குரிய பதிவாளர்தான் அதைப் பதிய முடியும். வெளிநாட்டில் இறந்தவரின் பெயரை ஊர்ப் பதிவேட்டில் ஏற்ற முடியாது. வெளிநாட்டில் இறக்கும் இந்தியக் குடிமக்களுக்கு அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு வேறு வழி வைத்திருக்கிறது: இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்து, தூதரகத்தின் இறப்புச் சான்றிதழைப் பெறலாம். நியூ ஜெர்சிக்கு உரியது நியூயார்க்கில் உள்ள துணைத் தூதரகம். அப்பாவின் கடவுச்சீட்டை ரத்து செய்ய எப்படியும் அங்கே விண்ணப்பிக்க வேண்டியிருந்ததால் இந்தப் பதிவையும் சேர்த்துச் செய்துகொண்டோம். ரத்து முத்திரையிட்ட பழைய கடவுச்சீட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் விவகாரத்தில் பின்னால் அது சாட்சியாக நின்றது.

ஊரில் வேலை தொடங்கியதும், யாரும் எதிர்பார்க்காத கேள்வி ஒன்று எழுந்தது. அப்பா இறந்தது நியூ ஜெர்சியில் இரவு ஒன்பது மணிக்கு மேல். அப்போது தமிழ்நாட்டில் மறுநாள் காலை விடிந்துவிட்டது. தெருமுனையில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியில் ஒரு தேதி, சான்றிதழில் அதற்கு முந்தைய தேதி. வாரிசுச் சான்றிதழ் விசாரணைக்கு வந்த கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்தபோது அவர்கள் சொன்ன தேதியும் சுவரொட்டித் தேதியே. இரு நாட்டு நேர வேறுபாட்டை விளக்கி அம்மா எழுதிக் கொடுத்த கடிதத்தை விண்ணப்பத்துடன் சேர்த்தோம். வருவாய் ஆய்வாளர் அதைப் படித்துவிட்டு, சான்றிதழில் உள்ள தேதியையே எடுத்துக்கொண்டு வட்டாட்சியருக்குப் பரிந்துரைத்தார். இ-சேவை மையத்தில் பிறந்த தேதியைப் பதியும்போதும் கவனம் தேவைப்பட்டது. மாதத்தை முன்னும் நாளை அடுத்தும் போடும் அமெரிக்க வழக்கத்தில் இருந்ததை, தட்டச்சு செய்தவர் நம் வழக்கப்படி படித்துவிட்டார். திரையைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி அங்கேயே திருத்தச் சொன்னான்.

தாலுகா அலுவலகத்துக்கு எதிரிலிருந்த ஜெராக்ஸ் கடையில்தான் எல்லாம் கெட்டிருக்கும். அப்போஸ்டில் என்பது சான்றிதழோடு சேர்த்துப் பிணைக்கப்பட்ட தனித்தாள். எண்ணிட்ட பத்து வரிகளும் ஒரு முத்திரையும் அதில் இருக்கும். இரண்டையும் பிரித்துவிட்டால் அப்போஸ்டில் செல்லாததாகிவிடும். நகல் தெளிவாக விழ வேண்டும் என்ற நல்லெண்ணத்தில் கடைப்பையன் பின்னைக் கழற்றக் குறடை எடுத்துவிட்டான். தம்பி அவன் கையைப் பிடித்து நிறுத்தி, தாளை மடித்துப் புரட்டி நகல் எடுக்க வைத்தான்.

எல்.ஐ.சி.யில் இறப்புக்கான காரணமும் கேட்டார்கள். இந்தியச் சட்டப்படி வழங்கப்படும் இறப்புச் சான்றிதழில் காரணம் இடம்பெறக் கூடாது. நாங்கள் பெற்ற நியூ ஜெர்சிப் படியில் அது இருந்ததால் மருத்துவமனையிடம் தனிக் கடிதம் கேட்கும் வேலை மிச்சமாயிற்று. வங்கியில் அந்த விவரம் தேவையில்லை என்பதால் தூதரகச் சான்றிதழைக் கொடுத்தோம்.

குடும்ப ஓய்வூதியம் நாங்கள் பயந்ததைவிட எளிதாக முடிந்தது. ஓய்வூதிய ஆணையிலேயே அம்மாவின் பெயர் இருந்ததால் வாரிசுச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கருவூலத்தில் மூலத்தைப் பார்த்துவிட்டு நகலை எடுத்துக்கொண்டார்கள். ஓய்வூதியம் இறந்த நாள் வரை, குடும்ப ஓய்வூதியம் அதற்கு மறுநாளிலிருந்து என்பது கணக்கு. அவர்களும் அமெரிக்கத் தேதியையே வைத்துக் கணக்கிட்டு, இடையில் அப்பாவின் கணக்கில் கூடுதலாக வரவாகியிருந்த தொகையைப் பிடித்துக்கொண்டு, மீதியை அம்மாவின் பெயருக்கு அனுப்பினார்கள்.