பந்து கையில் இல்லாத 36 நிமிடம்

பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் கோவை, ஈரோடு, பெருந்துறை பக்கம் காலேஜ் கிரவுண்டுகளில் பேஸ்கட்பால் செலக்‌ஷன் ஆரம்பித்துவிடும். ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸில் வந்து இறங்கும் பசங்களில் நிறையப் பேருக்கு மனதில் ஒன்றுதான் இருக்கிறது: எத்தனை பாஸ்கெட் போடுகிறோமோ அத்தனை நல்லது. இந்த ஒரு நினைப்பாலேயே நல்ல ஆட்டக்காரர்கள் வருஷா வருஷம் சீட்டு கிடைக்காமல் திரும்பிப் போகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ஆட்டம் 40 நிமிடம். களத்தில் பத்துப் பேர், பந்து ஒன்று. சமமாகப் பிரித்தாலும் ஒருவர் கைக்கு 4 நிமிடம்தான் வரும். மீதி 36 நிமிடம் அந்தப் பையன் என்ன செய்கிறான் என்று பார்த்துத்தான் கோச் பெயரைக் குறிக்கிறார். பாஸ்கெட் போடுகிறவர்கள் அவர் டீமில் ஏற்கெனவே இருப்பார்கள்.

இதைக் கண்ணால் கற்றுக்கொள்ள நம்ம பக்கத்தை விட நல்ல இடம் குறைவு. பீளமேட்டில் பி.எஸ்.ஜி. டிராபி நடக்கிறது. வ.உ.சி. பூங்கா பக்கத்து மைதானத்தில் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையும் பெண்களுக்கான சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பையும் நடக்கின்றன. கரூர் திருவள்ளுவர் மைதானத்தில் எல்.ஆர்.ஜி. நாயுடு நினைவுப் போட்டி. ராணுவம், ரயில்வே, வங்கி அணிகள் எல்லாம் நம்ம ஊர் தேடி வந்து ஆடுகின்றன. கேலரியில் உட்கார்ந்து தொண்டை வற்றக் கத்துங்க, அது ஆட்டத்துக்கு உயிர். ஆனால் ஒரு குவாட்டர் (ஆட்டத்தின் கால் பங்கு) மட்டும் பந்தைப் பார்க்காதீங்க. உங்கள் பொசிஷனில் ஆடும் ஒருவரை மட்டும் கண்ணை எடுக்காமல் பாருங்க. ஷாட் கிளம்பியதும் அவர் முதலில் பந்தைத் தேடுகிறாரா, ஆளைத் தேடுகிறாரா? நல்ல ரீபவுண்டர் (தவறிய ஷாட்டில் திரும்பி வரும் பந்தைப் பிடிக்கிறவர்) முதலில் ஆளைத் தொட்டு, இடுப்பால் பின்னுக்கு அடைத்துவிட்டு, அப்புறம்தான் தலையை நிமிர்த்துவார். பாஸ் கொடுத்தவர் அதே இடத்தில் நிற்கிறாரா, பாஸ்கெட் பக்கம் வெட்டி ஓடுகிறாரா? பந்து பறிபோனதும் திரும்பி ஓட எத்தனை அடி தாமதிக்கிறார்?

அமெரிக்கக் காலேஜ் ஆட்டம் பார்க்கிற பசங்களும் இப்போது அதிகம். மார்ச்சில் என்சிஏஏ (அமெரிக்கக் காலேஜ் விளையாட்டு அமைப்பு) போட்டி, தோற்றால் வெளியே. ஆண்கள் ஃபைனல் நமக்குச் செவ்வாய்க்கிழமை காலை ஆறிலிருந்து ஏழு மணிக்குள் தொடங்கும், ஸ்கூலுக்குக் கிளம்புமுன் பாதி பார்த்துவிடலாம். தாராளமாகப் பாருங்க. ஆனால் அங்கே ஆண்கள் ஆட்டம் 20 நிமிடமாக இரண்டு பாதி, ஷாட் கிளாக் (பந்து கிடைத்த டீம் ஷூட் செய்ய வேண்டிய நேரம்) 30 விநாடி. நாம் ஆடுவது ஃபீபா (உலக பேஸ்கட்பால் அமைப்பு) விதி: 10 நிமிடமாக நாலு குவாட்டர், 24 விநாடி, ரிங்கில் பட்டு நம்ம டீமே ரீபவுண்ட் எடுத்தால் 14. அங்கே போல நின்று நிதானமாக டிரிபிள் செய்து பழகினால் இங்கே விநாடி தீர்ந்துவிடும். ரிங்கில் பட்டு மேலேயே ஆடும் பந்தை ஃபீபா விதியில் தட்டிவிடலாம், அங்கே அது தப்பு. நம்ம உயரமான பசங்க இந்த ஒன்றைத் தெரிந்துவைத்தாலே ஆட்டத்துக்கு இரண்டு பாயின்ட் லாபம்.

செலக்‌ஷனில் முதலில் லே-அப் (ஓடி வந்து ரிங் பக்கத்தில் பந்தைப் போடுவது) வைப்பார்கள். வலது கையில் பத்துக்குப் பத்து போடுகிறவன் இடது பக்கம் வந்ததும் வலது கைக்கே பந்தை மாற்றினால் அங்கேயே ஒரு கோடு விழும். அடுத்து மூணுக்கு மூணு, கடைசியில் அஞ்சுக்கு அஞ்சு. இதில்தான் மேலே சொன்ன 36 நிமிடம் வெளிச்சத்துக்கு வரும். ஷூட் செய்யப் போகிறவரை நோக்கி ஓடும்போது கடைசி மூன்று அடியைச் சின்னச் சின்னதாக வெட்டி, இடுப்பைத் தாழ்த்தி, ஒரு கையை உயர்த்தி நிற்க வேண்டும். முழு வேகத்தில் பாய்ந்தால், ஷூட் செய்வதுபோல் ஏமாற்றும் ஒரு ஃபேக்கில் தாண்டிப் போய்விடுவார். டிஃபென்ஸில் வாய் திறந்து பேசுங்க. 'ஸ்கிரீன் லெஃப்ட்' (இடது பக்கம் எதிரணி ஆள் வழி மறிக்கிறான்), 'ஹெல்ப் இருக்கு' என்று சத்தமாகச் சொல்கிற பையன் தெரியாத டீமோடும் பத்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்வான். கூச்சப்பட்டு ஊமையாக ஆடும் கிராமத்துப் பசங்கதான் இதில் அதிகம் அடிபடுகிறார்கள். திறமைக் குறைவால் இல்லை. அவர்களுக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

சிமென்ட் கோர்ட்டில் வளர்ந்தவர்கள் மரத் தரைக்குப் போகும்போது இரண்டு சங்கடம் வரும். முதலாவது ஷூ: அடியில் தூசி ஒட்டியிருந்தால் மரத்தில் வழுக்கும். ஈரத்துணி ஒன்றை மடித்துப் பெஞ்சு ஓரம் வைத்து, ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் அடியைத் துடையுங்க. செலக்‌ஷன் அன்றைக்குப் புது ஷூ வேண்டவே வேண்டாம். குதிகால் கொப்புளம் வந்து இரண்டாம் ஆட்டத்தில் நொண்டுவீங்க. பத்து நாள் முன்பே போட்டு ஆடிப் பழக்குங்க. இரண்டாவது பந்து: ஸ்கூலில் ரப்பர் பந்து, காற்றும் குறைவாக இருக்கும். 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் ஒரு மீட்டருக்குச் சற்று மேலே எழும்ப வேண்டும், அதுதான் சரியான காற்று. பொண்ணுங்களுக்கு இன்னொரு கஷ்டம். அவர்களுக்கு 6-ம் சைஸ், எடை 510 முதல் 550 கிராம். பல ஸ்கூலில் 7-ம் சைஸ் மட்டுமே இருக்கும், அது 580 முதல் 620. கனமான பந்தில் பழகிய கை செலக்‌ஷனில் எறிந்தால் ஷாட் எல்லாம் ரிங்கைத் தாண்டும். ஒரு மாதம் முன்பாவது 6-ம் சைஸ் பந்து ஒன்றை வாங்கிக் கொடுத்துவிடுங்க.

வெளியூர் கோச்சுக்கு வீடியோ அனுப்புகிறவர்கள் மூன்று நிமிட ஹைலைட்ஸையும் வெட்டாத முழு ஆட்டத்தையும் சேர்த்து அனுப்புங்க. ஹைலைட்ஸ் கதவைத் தட்டத்தான் உதவும். நடுக்கோட்டுக்கு நேராக, மூன்று நாலு மீட்டர் உயரத்தில் போனைப் படுக்கைவாக்கில் ஸ்டாண்டில் வையுங்க. 28 மீட்டர் கோர்ட் முழுவதும் ஒரே ஃபிரேமில் அடங்க ஏறத்தாழ 20 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். அந்த இடம் நம்ம கிரவுண்டில் இருக்காது. அதனால் பந்தோடு மெதுவாகத் திருப்புங்க, ஜூம் மட்டும் செய்யாதீங்க. பத்துப் பேரும் தெரிய வேண்டும், பந்து இல்லாத நேரத்தில் உங்கள் பையன் செய்வதைக் காட்டத்தான் இந்த வீடியோவே. இரவு ஆட்டத்தில் வீடியோவில் கருப்புப் பட்டைகள் ஓடுவது லைட் துடிப்பதால். நம்ம கரன்ட் 50 ஹெர்ட்ஸ், ஆகவே புரோ மோடில் ஷட்டரை 100-ல் ஒரு பங்கு விநாடிக்கு வைத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். ஏரோபிளேன் மோடில் போடுங்க, இல்லாவிட்டால் மூன்றாம் குவாட்டரில் சித்தப்பா போன் வந்து ரெக்கார்டிங் அறுந்துபோகும். போனில் 15 ஜிபி காலி இருக்கட்டும். ஹைலைட்ஸ் தொடக்கத்தில் பெயர், பிறந்த தேதி, ஷூ இல்லாத உயரம், ஜெர்சி நம்பர், பி.டி. சார் நம்பர். பாட்டு வேண்டாம்.

காகித விஷயம். குறுவட்டம், வருவாய் மாவட்டம், மாநிலம், முதலமைச்சர் கோப்பை என்று எந்தச் சான்றிதழ் வந்தாலும் இனிஷியலும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று அன்றைக்கே பாருங்க. இரண்டு வருஷம் கழித்துத் திருத்தக் கையெழுத்துப் போட்டவரைத் தேட முடியாது. பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டுப் பிரிவுக்கு 500 இடங்கள் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்துத்தான். எந்தத் தேதியிலிருந்து எடுத்த சான்றிதழ் செல்லும் என்பதை அந்த வருஷ அறிவிப்பில் படித்துக்கொள்ளுங்க.

காலேஜே நேரடியாக எடுத்தால் அம்மா அப்பா முதலில் கேட்பது, "ஃபீஸ் பூராவும் ஃப்ரீங்களா சார்?" என்று. "ஆமாங்க" என்ற பதிலோடு எழுந்து வந்துவிடாதீங்க. டியூஷன் ஃபீஸ், ஹாஸ்டல் வாடகை, மெஸ் பில், எக்ஸாம் ஃபீஸ், டெபாசிட் என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. டியூஷன் இலவசம் என்று சேர்ந்துவிட்டு மெஸ் பில் கட்ட முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. முழங்கால் அடிபட்டு ஒரு வருஷம் ஆட முடியாவிட்டால் சலுகை தொடருமா, அரியர் விழுந்தால் நிற்குமா என்பதும் லெட்டர்ஹெட்டில் எழுத்தாக வர வேண்டும். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018-லேயே அறிவித்திருக்கிறது. நகல் கொடுங்க.

அமெரிக்கக் கனவு உள்ளவர்களுக்கு: ஹர்சிம்ரன் கவுர் சான் டியேகோ பல்கலைக்கழகத்துக்கும், அமான் சந்து மான்மவுத் பல்கலைக்கழகத்துக்கும் இந்தியாவிலிருந்து போனார்கள், இருவரும் என்பிஏ (அமெரிக்கத் தொழில்முறை பேஸ்கட்பால் லீக்) அகாடமி வழியாக. வழி இருக்கிறது, குறுகலானது. முதல் டிவிஷன் (அங்கே காலேஜ் ஆட்டத்தின் மேல் மட்டம்) ஆண்கள் அணியில் 15 இடம்தான். அதிலும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் (காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் பட்டியல்) மூலம் அனுபவசாலிகளை எடுக்கவே கோச்சுகள் விரும்புகிறார்கள். இரண்டாம் டிவிஷனையும் ஜூனியர் காலேஜ்களையும் (இரண்டு வருஷப் படிப்பு) சேர்த்துப் பாருங்க. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது, அதைச் சொல்லிப் பணம் கேட்கும் ஏஜென்டிடம் ஏமாறாதீங்க. உண்மையான கோச்சின் மெயில் பல்கலைக்கழக முகவரியிலிருந்து வரும், டாட் ஈடியு என்று முடியும்.

என்சிஏஏ முதல் டிவிஷனுக்கு 16 பாடங்களில் குறைந்தது 2.3 ஜிபிஏ (நாலுக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண்) கேட்கிறது. எஸ்ஏடி நுழைவுத் தேர்வுக் கட்டாயத்தை 2023-ல் எடுத்துவிட்டார்கள். இந்தப் பாட மதிப்பெண்களை 9-ம் வகுப்பிலிருந்தே எடுத்துக்கொள்வார்கள். நம்ம வீடுகளில் பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட்டை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருப்போம், ஒன்பதாவது எங்கே போனதென்றே தெரியாது. ஹெச்.எம். கையெழுத்து, ஸ்கூல் சீலோடு இப்போதே ஒன்று வாங்கி வையுங்க. இடையில் ஸ்கூல் மாறியிருந்தால் பழைய ஸ்கூலில்தான் கேட்க வேண்டும். ஜூன் மாத அட்மிஷன் நெரிசலில் போகாமல் ஆகஸ்டில் போங்க, ஆபீஸில் பழைய ரிஜிஸ்டரை எடுத்துப் பார்க்க நேரம் இருக்கும்.