ரெண்டு மணி நேரம்

"கவச பிளேட் கழட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேப்டன் கேட்டார். "ரெண்டு மணி நேரம் ஆகும் சார்" என்றேன். "அப்போ வேண்டாம், இப்படியே போயிடலாம்" என்று ஏறிவிட்டார். பேச்சு அவ்வளவுதான். 2013 ஜூன், உத்தராகண்ட் வெள்ளம்.

எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் எனக்குப் பிடித்த வண்டி. பழைய ரகமான 1வி-யில் பின்கதவு சிப்பி மாதிரி இரண்டாகத் திறக்கும். வி5-இல் ராம்ப், அதாவது கீழே இறங்கும் சாய்தளம், ஆட்களை மளமளவென்று ஏற்றலாம். ஆனால் அது ராணுவ ரகம். காக்பிட்டைச் சுற்றிக் கவசத் தகடு, எக்ஸாஸ்ட்டில் வெப்பத்தை மறைக்கும் பெட்டி, ஏவுகணையை ஏமாற்றத் தீப்பொறி வீசும் ஃபிளேர் டிஸ்பென்சர் என்று என்னென்னவோ. வெள்ளத்தில் நம்மை யார் சுடப்போகிறார்கள்? இருந்தாலும் கழற்றாதவரை எடை எடைதான். 3,500 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 70 சதவீதம்தான், வெயில் ஏறினால் அதிலும் குறையும். 13 டன் என்ற உச்ச எடையை அங்கே மறந்துவிட வேண்டும், ஆளை எண்ணித்தான் ஏற்ற முடியும்.

நான் சொன்னது பொய் இல்லை. தகடு முன்பக்கம் இருக்கிறது, எடுத்தால் எடை மையம் பின்னால் நகரும், கணக்கைத் திரும்பப் போட வேண்டும், பராமரிப்புப் பதிவேடான ஃபார்ம் 700-இல் ஏற்ற வேண்டும், இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். எல்லாம் சேர்த்துத்தான் ரெண்டு மணி நேரம். ஆனால் நான்கு பேரை வேலையில் இறக்கிவிட்டு, பக்கத்திலேயே ஒருவர் கணக்குப் போட்டிருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். அன்றைக்கும் தெரியும். மூன்று நாளாகத் தூக்கமில்லை, ஸ்பேனரைத் தொடவே மனசு வரவில்லை. அதனால்தான் அப்படிச் சொன்னேனா? தெரியவில்லை.

தகடுகளின் எடை ரெண்டு, ரெண்டரை ஆள் வரும். மாலை கடைசி நடையில் இடமில்லாமல் நின்றது சரியாக ரெண்டு பேர், ஒரு பெரியவரும் அவர் பேரனும். அப்புறம் மேகம் இறங்கிவிட்டது. மறுநாள் காலையில் கொண்டுவந்துவிட்டோம், உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ராத்திரி முழுக்க மழை. பெரியவரால் ராம்ப்பில் நடக்க முடியவில்லை, தூக்கித்தான் ஏற்றினோம். பையன் என் சட்டையைப் பிடித்த பிடியை விடவே இல்லை.

சில நாளில், ஜூன் 25 அன்று, கௌரிகுண்ட் பக்கம் ஒரு வி5 விழுந்து 20 பேர் இறந்தார்கள். பார்த்தாயா, அவசரப்படாதது நல்லதுதான் என்று அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அந்த விபத்துக்கும் என் தகட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை, போனவர்களை என் சமாதானத்துக்கு இழுத்திருக்கக் கூடாது.

அதற்கப்புறம் யார் கேட்டாலும் நேரத்தைக் குறைத்தே சொல்ல ஆரம்பித்தேன். ஒருமுறை ஒன்றரை மணி நேர வேலையை ஒரு மணி என்று சொல்லிவிட்டுப் பையன்களை விரட்டினேன். கடைசிச் சரிபார்ப்பில் ஒரு போல்ட்டுக்கு, அது கழன்றுவிடாமல் கட்டும் லாக் ஒயர் போடாமல் விட்டிருந்தது தெரிந்தது. நானே உட்கார்ந்து போட்டேன். வேலை முடிய ரெண்டு மணி நேரம் ஆனது.