குடி மறுவாழ்வு மையத்தில் தம்பியைச் சேர்க்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

போனில் கேட்டபோது "ஆதாரும் ரெண்டு போட்டோவும் போதும்" என்றார்கள். அத்தனை தூரம் போய் இறங்கியதும், "காலையில குடிச்சிருக்கார், டிடாக்ஸ் முடிச்சு டிஸ்சார்ஜ் சம்மரியோட வாங்க" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். இதை முதல்லயே சொல்லித் தொலைத்திருக்கலாம்.

ஆனால் அந்த விதியில் நியாயம் இருக்கிறது. டிடாக்ஸ் என்றால் டாக்டர் கண்காணிப்பில் குடியை நிறுத்தி உடம்பைத் தெளிய வைப்பது. தினமும் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால் சில மணி நேரத்திலேயே கைநடுக்கமும் வியர்வையும் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதற்கடுத்து, இல்லாத ஆளோடு பேசுகிற அளவுக்குப் புத்தி தடுமாறினால் உயிருக்கே ஆபத்து. பி1 வைட்டமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். ராத்திரி டாக்டர் இல்லாத மையம் "இங்கேயே நிறுத்திடலாம்" என்று சொன்னால் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுங்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் டிடாக்ஸ் சிக்கலில்லாமல் முடிந்தது.

அடுத்த மையத்தில் வேறு கூத்து. "ஆறு மாசம், நடுவுல கேட்டா அனுப்ப மாட்டோம், இதுல கையெழுத்து போடுங்க" என்று வெற்றுத்தாளை நீட்டினார் ஆபீஸ்காரர். "2017 சட்டத்துல எந்தப் பிரிவுல சேர்க்கறீங்க?" என்று கேட்டதும் தாள் மேஜைக்குள் போய், அச்சடித்த பாரம் வெளியே வந்தது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றையும் கேட்டு வாங்கிப் பார்த்தோம். தேதி தாண்டியிருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

கேட்க வேண்டிய பிரிவுகள் இரண்டு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 86ஆம் பிரிவு, தானே விரும்பிச் சேர்வது. கிளம்புகிறேன் என்று அவர் சொன்னால், மதிப்பீட்டுக்காக 24 மணி நேரம் வரைதான் நிறுத்தி வைக்கலாம். 89ஆம் பிரிவு, தானே முடிவெடுக்க முடியாத நிலையில் இருப்பவரைச் சேர்ப்பது. அதற்கு நியமனப் பிரதிநிதியின், அதாவது சிகிச்சை விஷயத்தில் அவர் சார்பில் பேசுபவரின் விண்ணப்பம் வேண்டும். மனநல மருத்துவர் ஒருவரும் இன்னொரு மனநல நிபுணரோ மருத்துவரோ தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதிலும் 30 நாள்தான் வரம்பு. நீட்டிக்க வேறு நடைமுறை. வீட்டாரின் ஒரு கையெழுத்தை வைத்து ஆறு மாதம் பூட்டி வைக்க எந்தப் பிரிவும் இல்லை. "வேன் அனுப்பறோம், தூக்கிட்டு வந்துடுவோம்" என்பவர்களிடம் பேச்சே வேண்டாம்.

மொட்டை அடிப்பதும் சீருடையைத் திணிப்பதும் கட்டாய வேலை வாங்குவதும் 20ஆம் பிரிவுப்படி கூடாது. சிகிச்சையில் இருக்கும் பையன்கள் முறை வைத்துச் சமைப்பதும் கூட்டுவதும் வேறு விஷயம். நல்ல மையங்களில் அதுவும் பயிற்சிதான். புதிதாக வருபவனோடு குடியை விட்டுச் சில மாதம் தாண்டிய ஒரு பையனைத் துணைக்கு விடுகிறார்களா என்று கேளுங்கள். கவுன்சிலர் சொல்லிக் கேட்காத பையன், தன்னைப்போலவே நடுங்கி எழுந்த இன்னொருவன் சொன்னால் கேட்கிறான். முடிந்தால் உள்ளே இருக்கும் ஒரு பையனோடு வார்டன் பக்கத்தில் இல்லாமல் பேசிப் பாருங்கள்.

வெளியே வரும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, அடுத்த ஓ.பி. தேதி மூன்றையும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். கேட்காவிட்டால் தரமாட்டார்கள். டைசல்ஃபிரம் (குடித்தால் உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் செய்யும் மாத்திரை) எழுதிக் கொடுத்தால் அவனுக்குத் தெரிந்துதான் கொடுக்க வேண்டும். சாம்பாரில் கலக்கச் சொல்லி விற்கும் 'குடி மறக்கும் பவுடர்' எதையும் வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது. டைசல்ஃபிரம் மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை குடித்தால் படபடப்பும் வாந்தியும் ரத்த அழுத்தச் சரிவும் வரலாம். ஆல்கஹால் கலந்த இருமல் சிரப்பும் அதே கணக்குதான். மெடிக்கலில் மருந்து வாங்கும்போது இதைச் சொல்லியே வாங்குங்கள்.