தாளித்தால் கத்தும் அலாரமும் சம்பளம் வாங்காத தீயணைப்பு வீரர்களும்

பென்சில்வேனியாவில் நாங்கள் இருக்கும் டவுன்ஷிப்பில் 911-ஐ அழைத்து வீட்டில் தீ என்று சொன்னால், வண்டியில் வந்து இறங்குகிறவர்களில் ஒருவருக்குக்கூட அதற்காகச் சம்பளம் கிடையாது. இதை நம் ஆட்களிடம் சொன்னால் பலரும் நம்புவதில்லை. அவ்வளவு பெரிய சிவப்பு வண்டி, தலைக்கவசம், முதுகில் காற்று சிலிண்டர் எல்லாம் பார்த்துவிட்டு அரசாங்க வேலை என்றுதான் நினைக்கிறார்கள். எங்கள் படையில் ஒருவர் பிளம்பர், ஒருவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார், இன்னொருவர் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறார். இடுப்பில் பேஜர் இருக்கும். அது அலறினால் ராத்திரி இரண்டு மணியானாலும் எழுந்து ஓட வேண்டும், அப்புறம் காலையில் வழக்கம்போல வேலைக்கும் போக வேண்டும்.

எங்கள் ஊர் மட்டும் இப்படி இல்லை. இந்த மாநிலத்துத் தீயணைப்புப் படைகளில் 90 சதவீதத்துக்கு மேல் தன்னார்வலர்கள் நடத்துபவைதான். ஆரம்பம் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் காலம். 1735-இல் ஃபிலடெல்ஃபியாவில் தன் பத்திரிகையில் தீ பற்றி எழுதியபோதே, கணப்பிலிருந்து எரியும் கரியைத் திறந்த கரண்டியில் அள்ளிக்கொண்டு அறைக்கு அறை, மாடிப்படி வழியாக நடக்காதீர்கள் என்று அவர் எச்சரித்திருக்கிறார். அடுத்த வருடம், 1736 டிசம்பரில், நண்பர்களோடு சேர்ந்து யூனியன் ஃபயர் கம்பெனியைத் தொடங்கினார். ஒவ்வொரு உறுப்பினரும் தோல் வாளிகளும், எரியும் வீட்டிலிருந்து சாமான்களை எடுத்து வரப் பைகளும் சொந்தச் செலவில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. அந்த வழக்கத்தில்தான் இன்றும் இங்கே படையை 'ஃபயர் கம்பெனி' என்கிறார்கள்.

ஆனால் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. மாநிலச் சட்டமன்றத்துக்காக 2018-இல் தயாரித்த அறிக்கை, 1970-களில் சுமார் 3 லட்சமாக இருந்த தன்னார்வலர்கள் 38,000 அளவுக்குச் சுருங்கிவிட்டதாகச் சொல்கிறது. அடிப்படைப் பயிற்சிக்கே 150 மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இரண்டு வேலை பார்க்கும் குடும்பத்தலைவனுக்கு அது எங்கிருந்து வரும்?

வண்டிக்கும் உபகரணங்களுக்கும் வரிப்பணம் கொஞ்சம் வரும், போதாது. மீதியை அவர்களே திரட்டுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் வெள்ளிக்கிழமை மீன் வறுவல், கோடையில் கோழி பார்பெக்யூ, குளிர்காலத்தில் பான்கேக் காலை உணவு, வருடம் முழுக்க பிங்கோ. அப்புறம் ஹால் வாடகை. இங்கே வளைகாப்பு, பொங்கல் விழா, பாட்டு வகுப்பு ஆண்டு விழா என்று ஃபயர் ஹாலை வாடகைக்கு எடுக்காத தமிழ்க் குடும்பம் குறைவு. பக்கத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்கிற வண்டியைக் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டு வந்துவிடுகிறோம். அந்த வாடகைதான் அடுத்த வருடம் குழாய் வாங்கும் காசு என்பது பலருக்குத் தெரியாது.

நான் சொல்ல வந்தது வேறு ஒன்று. இந்தப் படையினர் கூப்பிட்டால் வீட்டுக்கே வந்து ஸ்மோக் அலாரங்களைப் பார்த்துக் கொடுப்பார்கள், பேட்டரி மாற்றுவார்கள், இல்லாத வீட்டில் இலவசமாக மாட்டியும் விடுவார்கள். பல ஊர்களில் செஞ்சிலுவைச் சங்கமும் இதைச் செய்கிறது. நம்மவர் வீடுகளுக்குப் போகும்போது பேச்சுத் துணைக்கு நானும் கூடப் போகிறேன். அதில் பார்த்ததைத்தான் எழுதுகிறேன்.

முதலில் தாளிப்பு. ஒரு வீட்டில் சமையலறைக்கு வெளியே கூரையில் அலாரத்தின் மூடி மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது, உள்ளே பேட்டரி இல்லை. திருச்சியிலிருந்து மகள் வீட்டுக்கு வந்திருந்த அம்மா சொன்னார்: "தம்பி, கடுகு வெடிச்சு மிளகாய் போட்டாலே வீடே அலறுது. பேத்தி பயந்து அழறா. அதான் மாப்பிள்ளை கழட்டி வச்சுட்டார்." ஏணியில் நின்றவரிடம் இதை மொழிபெயர்த்தேன். அவர் கோபப்படவில்லை. அடுப்புக்கும் அலாரத்துக்கும் உள்ள தூரத்தை அளந்தார், ஆறடி. குறைந்தது பத்தடி தள்ளி இருக்க வேண்டும் என்று சொல்லி நடைபாதைப் பக்கம் நகர்த்திவிட்டார். பழைய அயனைசேஷன் வகையை எடுத்துவிட்டு ஃபோட்டோஎலெக்ட்ரிக் வகையை மாட்டினார். அது சமையல் புகைக்கு அவ்வளவு எளிதில் கத்தாது. தாளிக்கும்போது கத்தினால் சில நிமிடம் வாயடைக்க ஒரு பொத்தான் இருப்பதையும் அந்த அம்மாவையே அழுத்த வைத்துக் காட்டினார்.

இன்னொன்றும் கவனியுங்கள். இங்கே பல வீடுகளில் அடுப்புக்கு மேல் இருக்கும் மைக்ரோவேவ் விசிறி, புகையை வெளியே தள்ளுவதே இல்லை, வடிகட்டி வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே விடுகிறது. அலாரத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா என்று பாருங்கள்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அமெரிக்காவில் வீட்டுத் தீயில் இறப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பேர், அலாரமே இல்லாத அல்லது வேலை செய்யாத வீடுகளில் இருந்தவர்கள். படுக்கையறை ஒவ்வொன்றிலும், படுக்கையறைகளுக்கு வெளியிலும், பேஸ்மென்ட் உட்பட ஒவ்வொரு தளத்திலும் ஒன்று இருக்க வேண்டும். பத்து வருடம் ஆனதும் மாற்ற வேண்டும், பின்பக்கம் தேதி போட்டிருக்கும். வாங்கிய வீட்டோடு வந்த அலாரங்கள் பலருடைய வீட்டில் மஞ்சளாகிக் கிடக்கின்றன, யாரும் கழற்றிப் பார்த்ததில்லை.

கிரகப்பிரவேசம் அடுத்த சிக்கல். ஹோமப் புகைக்கு அலாரம் கத்தக்கூடாது என்று பிளாஸ்டிக் பையைக் கட்டி வைக்கிறார்கள், ஹோமம் செய்து வைத்த வாத்தியார் போய் மாதங்கள் ஆன பிறகும் பை அப்படியே இருக்கிறது. ஹோமத்தை வெளியே பேட்டியோவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளேதான் என்றால், அன்று சாயங்காலமே பையை எடுக்கும் வேலையைப் பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படையுங்கள். அலாரம் கண்காணிப்பு நிறுவனத்தோடு இணைந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நடுப் பூஜையில் வண்டி வந்து நிற்கும்.

பூஜை அறையாக மாறிய க்ளோசெட்டுகள் (துணிமணி வைக்கும் சிற்றறைகள்) என்னை உண்மையாகவே பயமுறுத்துகின்றன. குறுகிய இடம், மேலே மரத்தட்டு, பக்கத்தில் பட்டுப்புடவை வைத்த பெட்டி, தரையில் கார்பெட், நடுவில் ஐந்து முக விளக்கு. ஒரு வீட்டில் விளக்குக்கு நேர் மேலே இருந்த தட்டின் அடிப்பகுதி கருத்துப்போயிருந்தது. அது வெறும் புகைக்கரி இல்லை, மரமே கருகத் தொடங்கியிருந்தது. விளக்கேற்றாதீர்கள் என்று யாரும் சொல்லவில்லை. அகலமான பித்தளைத் தாம்பாளத்தின் மேல் வையுங்கள், மேலே தட்டோ தோரணமோ திரையோ இருக்க வேண்டாம், விளக்கு எரியும்போது கோயிலுக்குக் கிளம்ப வேண்டாம். கார்த்திகை தீபத்துக்கு மாடிப்படியில் அகல் வரிசை வைப்பவர்கள் குழந்தைகளின் பாவாடையையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய் தீப்பிடித்தால் என்ன செய்வது என்பதைப் படையினர் வருடாவருடம் அக்டோபரில், தீத்தடுப்பு வாரத்தில், செய்தே காட்டுவார்கள். 1871 அக்டோபர் 8-இல் தொடங்கிய சிகாகோ பெருந்தீயின் நினைவாக வரும் வாரம் அது. ஒரு சட்டி எண்ணெயைப் பற்றவைத்து, நீளக் கம்பி நுனியில் கட்டிய டம்ளரிலிருந்து தண்ணீர் ஊற்றினார்கள். கூரை உயரத்துக்கு நெருப்பு எழுந்தது, கூட்டமே பின்னால் நகர்ந்தது. தண்ணீர் எண்ணெயைவிட கனம், அடியில் போய் நொடியில் கொதித்து ஆயிரம் மடங்குக்கும் மேல் ஆவியாக விரிகிறது, அந்த விரிவு எரியும் எண்ணெயை மேலே வீசுகிறது. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுப்பை அணைத்து, தட்டு மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடி, நன்றாக ஆறும்வரை திறக்காமல் விட வேண்டும். வாணலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவே கூடாது. பஜ்ஜி, வடை சுடும் நாளில் சரியான அளவு மூடியை அடுப்பு பக்கத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் வீட்டுத் தீக்கு முதல் காரணம் சமையல், அதிலும் அடுப்பை வைத்துவிட்டு நகர்ந்து போவது.

ஊரிலிருந்து அப்பா அம்மா குளிர்காலத்தில் வந்தால் ஒரு ஸ்பேஸ் ஹீட்டர் வாங்கி அவர்கள் அறையில் வைத்துவிடுகிறோம். அதைச் சுவர் பிளக்கில்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம். மூன்றடிக்குள் போர்வை, வேட்டி எதுவும் இருக்கக்கூடாது, தூங்குமுன் அணைத்துவிட வேண்டும். அவர்களுக்கு வீட்டின் இரண்டு வாசல்களையும் பூட்டுகளையும் திறந்து காட்டுங்கள். 911 அழைக்கவும், வீட்டு முகவரியை ஆங்கிலத்தில் சொல்லவும் பழக்குங்கள், ஃப்ரிட்ஜ் மேல் எழுதி ஒட்டுங்கள். "தமிழ்" என்று சொன்னால் பல ஊர்களில் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள்.

ராத்திரி படுக்கையறைக் கதவைச் சாத்தித் தூங்குங்கள். நம் வீடுகளில் குழந்தை அறைக் கதவைத் திறந்தே வைப்பது வழக்கம், மனசு கேட்காது, புரிகிறது. ஆனால் சாத்திய சாதாரணக் கதவு புகையையும் வெப்பத்தையும் கணிசமான நேரம் வெளியே நிறுத்திவிடும், அறைக்குள்ளும் ஓர் அலாரம் இருக்கட்டும். பொருட்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூஎல் நிறுவனம் நடத்திய சோதனையில், பழைய காலத்து மர, பருத்திச் சாமான்கள் இருந்த அறை முழுக்கப் பற்றிக்கொள்ள 29 நிமிடத்துக்கு மேல் ஆனது. ஃபோம் சோஃபாவும் செயற்கைத் துணியும் இருந்த இன்றைய அறைக்கு நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. பேஜர் அடித்து, தூக்கத்திலிருந்து எழுந்து, கார் எடுத்து ஸ்டேஷனுக்கு வந்து வண்டி கிளப்பும் தன்னார்வலர்களால் நான்கு நிமிடத்தில் உங்கள் வாசலுக்கு வந்துவிட முடியுமா? அந்த நான்கு நிமிடத்துக்கு நீங்கள்தான் உங்கள் வீட்டின் தீயணைப்புப் படை.

அதற்காக அழைக்கத் தயங்காதீர்கள். சின்னப் புகைக்குக் கூப்பிட்டால் என்ன நினைப்பார்கள், அக்கம்பக்கம் பார்க்குமே என்று கூச்சப்பட்டு, ஸ்விட்ச் போர்டில் கருகல் வாசனை வந்தும் இரவு முழுக்கக் காத்திருந்த குடும்பத்தை எனக்குத் தெரியும். படைத்தலைவரிடம் இதைச் சொன்னபோது அவர் முகம் வாடிவிட்டது. ஒன்றுமில்லாத வீட்டுக்கு நூறு முறை வந்து திரும்பிப் போகவும் நாங்கள் தயார், தயவுசெய்து கூப்பிடச் சொல்லுங்கள் என்றார். கார்பன் மோனாக்ஸைடு என்ற மணமில்லாத நச்சுவாயுவுக்கான அலாரம் அடித்தாலும் அப்படித்தான்: எல்லோரும் வெளியே வந்து அழையுங்கள். கார் புகையிலும் அந்த வாயு உண்டு, பனிக்காலத்தில் காரை கராஜுக்குள் ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள்.

சாலையில் நீல விளக்கு மினுக்கிக்கொண்டு ஒரு சாதாரண கார் பின்னால் வந்தால் ஒதுங்கி வழிவிடுங்கள். அது ஸ்டேஷனுக்கு விரையும் தன்னார்வலராக இருக்கும்.

நெருப்புக்குள் போக எல்லோராலும் முடியாது, போகவும் வேண்டாம். எங்கள் படைக்குக் கணக்கு எழுத ஆள் இல்லை, மத்திய அரசின் மானியங்களுக்கு விண்ணப்பம் எழுத ஆள் இல்லை, ஹால் முன்பதிவை இன்னும் காகித நோட்டில்தான் குறிக்கிறார்கள். நம்மில் பாதிப் பேர் பகல் முழுக்கச் செய்கிற வேலையே இதுதானே. பதினான்கு வயதான பிள்ளைகள் ஜூனியர் உறுப்பினராகச் சேரலாம், எரியும் வீட்டுக்குள் அனுப்ப மாட்டார்கள், பயிற்சி தருவார்கள், சேவை நேரத்துக்குச் சான்றிதழும் உண்டு. உங்கள் ஊர்ப் படையின் பயிற்சி மாலை எது என்று கேட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போங்கள், கதவு திறந்துதான் இருக்கும்.