மகளுக்கும் எனக்குமாக ஒரு படகு

மார்ச் 2
இந்த ஆண்டு வாங்கியே தீருவது. மகளுக்கு ஆறு வயது, நீந்துவாள், நானும் வருவேன் என்று நச்சரிக்கிறாள். கட்டமரான்தான் வேண்டும். நம் கட்டுமரம்தான் உலகம் சுற்றி அந்தப் பெயரோடு திரும்பியிருக்கிறது. ஆனால் நம்முடையது சேர்த்துக் கட்டிய மரங்கள். இது இரண்டு ஒல்லி உடல்களும், நடுவே உட்கார இழுத்துக் கட்டிய டிராம்பொலின் துணியும். மனதில் இருப்பது ஹோபி 16 என்ற சின்னப் பாய்மரக் கட்டமரான்.

மார்ச் 8
பழைய ஹோபி 16 ஒன்றைப் பார்த்தேன். மேல்தளத்தைக் கட்டைவிரலால் அழுத்தியபோது ஓரிடம் மெத்தென்று அமுங்கியது. ஃபைபர் கிளாஸ் உள்ளேயிருக்கும் ஃபோமிலிருந்து பிரிந்துவிட்டது. "அது அப்படித்தான் சார் இருக்கும்" என்றார் விற்பவர். கிளம்பிவிட்டேன்.

மார்ச் 15
நண்பரின் ஹோபி 16-இல் போனோம். என்ன வேகம்! பின்காற்றில் படகின் மூக்கு தண்ணீருக்குள் குத்திக் கவிழ்ந்தது, இருவரும் முன்னால் பறந்து விழுந்தோம். அதுகூடப் பரவாயில்லை. நிமிர்த்துவதுதான் பாடாகிவிட்டது. படகு 145 கிலோ, நான் 74. நிமிர்த்தும் கயிற்றைப் பிடித்துப் பின்னால் சாய்ந்து தொங்கினேன், அசைந்தது, எழவில்லை. நண்பரும் சேர்ந்து தொங்கிய பிறகுதான் எழுந்தது. அவர் இடத்தில் மகள் இருந்திருந்தால்? அவள் 20 கிலோ. அவளைப் பிடித்துக்கொள்ளவே எனக்கு ஒரு கை போய்விடும். தூக்கம் வரவில்லை.

மார்ச் 22
இனி ஒரே கேள்வி: தனியாளாக நிமிர்த்த முடியுமா? ஹோபி கெட்அவேயில் முன்னாலும் ஒரு டிராம்பொலின் உண்டு, குடும்பமே உட்காரலாம். ஆனால் அது 16-ஐவிடக் கனம். வேண்டாம்.

ஹோபி வேவ் 13 அடி, 111 கிலோ. உடல் வார்த்தெடுத்த பாலிஎதிலீன். கரையில் இழுத்தால் கீறல் விழும், அவ்வளவுதான். பாயின் அடியில் குறுக்கே நீளும் பூம் என்ற கட்டை, தலையில் இடிப்பது, இதில் கிடையாது. இரவல் வாங்கி, வேண்டுமென்றே கவிழ்த்தேன். முதல் தடவை எழவில்லை. பாயின் கயிற்றைத் தளர்த்தி, மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி, மறுபடி தொங்கினேன். காற்று பாய்க்கு அடியில் புகுந்ததும் மெல்ல எழுந்துவிட்டது. வேகம்தான் கம்மி. 16-இல் போய்விட்டு வந்தவனுக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல்.

மார்ச் 30
வாங்கியாச்சு, பழைய வேவ்தான். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் ஒன்றில் இழைகள் அறுந்திருந்தன, எல்லாவற்றையும் மாற்றினேன். தலைகீழாகப் புரண்டுவிடாமலிருக்க மரத்தின் உச்சியில் மிதவை. அப்புறம், அலுமினிய மரம் என்பதால் தூக்கி நிறுத்துமுன் மேலே மின்கம்பி இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தேன்.

ஏப்ரல் 5
காற்றில்லாத காலை, என் இடுப்பளவு தண்ணீர். அவள் லைஃப் ஜாக்கெட்டில் தொடைகளுக்கு இடையே போகும் பட்டை இருக்கிறது. தோளைப் பிடித்துத் தூக்கினாலும் காதுவரை ஏறவில்லை. படகோடு அவளைக் கட்டவே மாட்டேன். கவிழ்ந்தால் அடியில் மாட்டிக்கொள்வாள். மூன்று தடவை கவிழ்த்துப் பழகினோம்.

அப்புறம் இலேசான காற்றில் இருபது நிமிடம் ஓட்டினேன். பத்தாவது நிமிடத்திலேயே சலித்துவிட்டது அவளுக்கு. "எப்பப்பா கவிழும்?"